மிஷின் கட்சி

அவர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, என்னையும் என் மனைவி கௌரியையும் தாண்டிப் போய் அடுப்பிடம்தான் பேசினார்.

"இன்னா ஆச்சு உனக்கு?"

அடுப்பு பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கேள்வி எங்களுக்கு இல்லை என்பது தெளிவாகவே தெரிந்தது.

காட்டுப்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அடுப்பின் ஒரு பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திரங்களின் அடியையெல்லாம் கரியாக்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கொடுத்த நம்பரில் கூப்பிட்டேன். "கேஸ மூடி வெச்சிடுங்க, வந்துகினே கீறேன்" என்றது ஒரு பெண்குரல். வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. தோளில் பூனைப் படம் போட்ட பள்ளிக்கூடப் பை. அதற்குள் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், நாலைந்து அளவில் ஊசிகள்.

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலக்கா. மட்டமான கம்பெனி போல" என்றாள் கௌரி.

அவர் பர்னரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். கொஞ்சம் கடுகு, ஒரு தீக்குச்சித் துண்டு, காய்ந்து கட்டியாகிப்போன புளி விழுந்தன.

"ரசம் பொங்குச்சா?"

"ஒரு தடவை பொங்கிச்சு."

"ஒரு தடவதானா?"

கௌரி என்னைப் பார்த்தாள். "நாலஞ்சு தடவை இருக்கும்" என்றேன்.

"ஃபோன் பேசிகினு இருந்தீங்களா?"

கௌரி தலையாட்டினாள்.

"நீங்க ஃபோன் பேசுவீங்க. இது மூக்குல ரசத்த ஏத்திகினு நிக்கணும். அப்பால இத்த மட்டம்னு சொல்வீங்க."

கௌரி "சாரி" என்றாள். யாரிடம் சொன்னாள் என்பதை இதுவரை அவள் எனக்கு விளக்கவில்லை.

அக்கா எந்தத் தகராறிலும் மிஷின் கட்சி. அதை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். மற்ற மெக்கானிக்குகள் வந்தால் நாம் மிஷினைப் பற்றிப் புகார் சொல்லுவோம். அவர்களும் 'ஆமா சார், இந்த மாடலே இப்படித்தான்' என்று நமக்கு ஆறுதல் சொல்லுவார்கள். அக்காவிடம் அது நடக்காது. மிஷின் ஏற்கெனவே அவரிடம் நம்மைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டது போலவும், நம் தரப்பையும் கேட்டுவிடுவோம் என்று பெருந்தன்மையாக வந்திருப்பது போலவும்தான் விசாரணை இருக்கும்.

இரண்டாவது மாடி டீச்சர் வீட்டு மிக்சி ஒரு நாள் சுற்றவில்லை. விசாரணையில், டீச்சர் விரலி மஞ்சளை முழுசாகப் போட்டு அரைத்தது வெளியே வந்தது. அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் போதும் என்று அக்காவுக்குத் தெரியும். அழுத்தவில்லை.

"இதுக்கு ஒரு வாரம் லீவு வுடுங்க" என்றார்.

"ஒரு வாரமா? சட்னிக்கு என்ன பண்றது?"

"நீங்க மெடிக்கல் லீவு எடுக்கல? இதுக்கும் ஒடம்புதான."

டீச்சர் ஒரு வாரம் இட்லிக்குப் பொடி தொட்டுக்கொண்டார். எட்டாம் நாள் அக்கா வந்து பொத்தானை அழுத்த, மிக்சி ஓடியது. டீச்சர் என்னிடம், "ரெஸ்ட் எடுத்தப்புறம் சத்தம்கூடக் குறைஞ்சிருக்கு சார்" என்றார். கணக்கு டீச்சர் அவர்.

இன்னொரு வீட்டில் வாஷிங் மெஷினின் முன்பக்கத் தகரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் வலது கால் கட்டைவிரலைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த மனிதர் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

இந்தக் குணம் அவருக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. டீ குடிக்கும்போது ஒரு முறை சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கேஸ் அடுப்பு செய்யும் ஒரு கம்பெனியில் பத்து வருடம் டெஸ்டிங்கில் இருந்திருக்கிறார். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு அடுப்பையும் பற்றவைத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் அடுப்பு வந்தால் சூப்பர்வைசர் முதலில் திட்டுவது டெஸ்டிங் பெண்களைத்தான்.

"தொறந்து பாத்தா உள்ள கரப்பான் குடும்பம் நடத்திகினு இருக்கும். இல்லாட்டி பால் பொங்கி கல்லாட்டம் இருக்கும். திட்டு எங்களுக்கு. நாங்களும் ஒண்ணும் பண்ணல, அதுவும் ஒண்ணும் பண்ணல. அன்னிலேர்ந்து நானும் அதுவும் ஒரே சைடு."

பிறகு டீயை வைத்துவிட்டு எங்கள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த எடத்துலதான் சார் எங்கம்மா நாத்து நடும். இந்த சிங்க்கு கீற எடத்துல பம்பு செட்டு. அப்பவும் இங்க தண்ணி ஒழுகிகினேதான் இருந்துச்சி" என்று சொல்லி, யாரும் கேட்காமலேயே குழாயின் வாஷரை மாற்றினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மாமனாரின் ஹீட்டர் வந்து சேர்ந்தது.

மாமா குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின்களுக்குப் பொறுப்பான சூப்பர்வைசராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். மாமியார் காலமாகி ஒரு வருடம் கழித்து, மே மாதத் தொடக்கத்தில் எங்களோடு வந்து சேர்ந்தார். கூடவே பதினோரு ஸ்வெட்டர்கள், இரண்டு கம்பளிகள், சக்கரம் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. இடுப்பு உயரம். பின்பக்கம் சின்ன கேஸ் சிலிண்டர் உட்கார ஓர் இடம். முன்பக்கம் தேன்கூடு போல மூன்று பீங்கான் தகடுகள். குமிழை அழுத்திப் பற்றவைத்தால் அவை ஆரஞ்சு நிறத்தில் சிவந்து அனல் வீசும்.

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது.

"இத வெச்சு இங்க என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று கௌரி கேட்டாள்.

"ஏசி எதுக்கு இருக்கு?" என்றார் மாமா.

அவருடைய திட்டம் எளிமையானது. மாலை ஆறு மணிக்கு அறையின் ஜன்னல்களை மூடுவார். ஏசியைப் பதினெட்டில் வைப்பார். அறை நன்றாகக் குளிர்ந்ததும் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஹீட்டரைப் பற்றவைத்து, அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும்.

"ஏசிய அணைச்சிட்டா அதே அனல் சும்மாவே வரும்பா" என்று கௌரி சொல்லிப் பார்த்தாள்.

"அது வெயில். இது கணப்பு" என்றார்.

பிரச்சினை என்னவென்றால், ஹீட்டர் நிலைத்து எரியவில்லை. பற்றும். பத்து நிமிடம், இருபது நிமிடம் எரியும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். மாமா நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் அக்காவைக் கூப்பிட்டோம்.

அவர் அப்படி ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது அடுப்பா?"

"ஹீட்டர்" என்றார் மாமா.

"இன்னாத்துக்கு?"

"குளிருக்கு."

அக்கா முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு ஹீட்டர் பக்கம் குனிந்து, "பாவம், உன்ன எங்கேர்ந்து எங்க இட்டாந்துகினு கீறாங்க" என்றார்.

முதல் நாள் சாதாரண வேலைகள். ஏசியின் காற்று நேராகச் சுடரின் மேல் அடித்துக்கொண்டிருந்ததால் ஹீட்டரை வேறு மூலைக்கு நகர்த்தினார். கீழே சின்னதாக எப்போதும் எரியும் பைலட் சுடர் ஒன்று இருந்தது. அதற்குப் போகும் மெல்லிய குழாயை ஊதியதும் ஒரு குன்னூர்ச் சிலந்தியின் கூடு வெளியே வந்தது. சுடரில் நுனியை நீட்டிக்கொண்டு ஒரு செப்புக் கம்பி இருந்தது. அது சூடாக இருக்கும்வரைதான், இல்லையென்றால் குமிழைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான், கேஸ் திறந்திருக்கும் என்று எங்களுக்கு விளக்கிவிட்டு, அதன் கரியை உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு பற்றவைத்துக் காட்டினார். ஜோராக எரிந்தது. அவர் லிப்டில் இறங்கிக் கேட்டைத் தாண்டும் நேரத்தில் 'டக்'.

மறுநாள் மறுபடியும் வந்தார். இந்த முறை ஹீட்டரை பால்கனிக்கு உருட்டிக்கொண்டு போய்ப் பற்றவைத்தார். மே மாத மத்தியான வெயிலில் ஹீட்டர் ஒரு மணி நேரம் சிணுங்காமல் எரிந்தது. எதிர் பிளாக்கில் துணி காயப்போட வந்த ஒருவர், கையில் கிளிப்போடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"இதும் மேல தப்பு இல்ல. உங்க ரூம் மேலதான் தப்பு" என்றார் அக்கா.

அறைக்குள் கொண்டுவந்து, மாமா வழக்கமாகச் செய்வதையெல்லாம் அப்படியே செய்யச் சொன்னார். ஜன்னல், ஏசி, ஸ்வெட்டர். கதவடியில் காற்று போகாதபடி மாமா ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருந்தார். ஜன்னல் சந்துகளில் செல்லோ டேப். அக்கா தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு பைலட் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். நீலமாக நின்ற சுடர் மெல்ல மெல்ல எழும்பி, அந்தச் செப்புக் கம்பியின் நுனியை விட்டு விலகியது. 'டக்'.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார்.

"பெரியவரே, சாயங்காலத்துல தல வலிக்குதா?"

"லேசா வலிக்கும். பிரஷர்."

"டீ குடிச்சதும் தூக்கம் வருதா?"

"வயசு எழுபது. தூக்கம் வராதா?"

"எங்க டெஸ்டிங் ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னா எல்லா அடுப்பும் இதே மாதிரிதான் மூஞ்ச தூக்கும். ரூமுல நல்ல காத்து தீந்துபோச்சுன்னா இது தானா அணையுது. அப்டிதான் செஞ்சி வெச்சிகீறாங்க. இது அணையாம எரிஞ்சா நீங்க அணைஞ்சி பூடுவீங்க."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குன்னூர்ல பதினஞ்சு வருஷம் எரிஞ்சுதும்மா இது. நானும் மிஷின்களோடதான் காலத்த ஓட்டினவன்."

"அங்க கதவுக்கு கீழ இடுக்கு இருந்துச்சா?"

மாமா கதவுப் பக்கம் திரும்பினார். "அந்தக் குவார்ட்டர்ஸ் கதவுக்குக் கீழ ஒரு பெருச்சாளியே நுழையும். கௌரியோட அம்மா தினமும் கோணியச் சுருட்டி வெச்சு அடைப்பா. காலைல பாத்தா கோணிய இழுத்துப் போட்டிருக்கும். பதினஞ்சு வருஷம் அந்த இடுக்கத் திட்டிக்கிட்டே ஹீட்டருக்கு இந்தப் பக்கம் அவ உக்காந்திருப்பா, அந்தப் பக்கம் நான்."

"அந்த இடுக்குதான் ரெண்டு பேரையும் காப்பாத்திகீது" என்றார் அக்கா.

ஜன்னலைத் திறந்து வைத்தால் எரிக்கலாம் என்றார் அக்கா. திறந்தால் ஏசி குளிர் நிற்காது என்றார் மாமா. அந்தக் கம்பியை விலக்கிவிட்டு கேஸை நேராகக் கொடுத்துவிட முடியாதா என்றும் கேட்டார். அக்கா ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்தப் பாவத்துக்கு வேற ஆள பாருங்க" என்று கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு அக்கா எங்கள் வீட்டு பெல்லை அடித்தார். நாங்கள் கூப்பிடவே இல்லை.

"சும்மாதான் சார். இந்தப் பக்கமா வந்தேன். அது எப்டி கீதுன்னு பாத்துட்டு போலாம்னு."

மாமாவைக் கேட்கிறாரோ என்று நினைத்து, "நல்லாத்தான் இருக்கார், ரூம்ல இருக்கார்" என்றேன். "அவர கேக்கல" என்றபடி அறைக் கதவைத் தள்ளினார். ஸ்பாஞ்சுப் பட்டை இருந்ததால் கதவு முரண்டு பிடித்துத் திறந்தது.

உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அணையாமல், மூன்று தகடும் சிவக்க எரிந்தது. சப்பாத்திக் கட்டையால் ஹீட்டரின் குமிழை அழுத்தி, அப்படியே பைஜாமா நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார் மாமா. அவர் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். டீ குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

அக்கா இரண்டே எட்டில் போய் நாடாவை அறுத்து கேஸை மூடினார். டேப்போடு சேர்த்து ஜன்னலை இழுத்துத் திறந்தார். பிறகு மாமாவின் அக்குளில் கை கொடுத்து, "காலப் புடிங்க சார், இன்னா பாத்துகினு கீறீங்க" என்றார். இருவருமாக அவரை பால்கனியில் கொண்டுபோய்ப் போட்டோம். கௌரி அழுதுகொண்டே அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். வெளியே அனல் காற்று அடித்தது. ஐந்து நிமிடம் இருக்கும். அது முழு ஆயுசாகப் போனது. மாமா கண்ணைத் திறந்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த எங்களைப் பார்த்தார்.

"ரொம்ப சூடா இருக்கே" என்றார்.

கௌரி அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் ஓர் அடி வைத்தாள்.

டாக்டரிடம் அழைத்துப்போய், ஓர் இரவு மூக்கில் ஆக்சிஜன் வைத்து, மறுநாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. மாமாவுக்கு அக்கா மேல் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

"உள்ள வந்ததும் அவ முதல்ல அவுத்தது ஹீட்டரத்தான். நான் அப்புறம்தான்."

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதத்தான சார் கட்டி போட்டுகினு இருந்தாரு" என்றார்.

மாமா வீடு திரும்பிய அன்றே அக்கா ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். ஹீட்டரை யாருடைய அனுமதியும் கேட்காமல் உருட்டிக்கொண்டு போய் ஏற்றினார். "இது கத்திகினு கீது, நீங்க அது வாயக் கட்டிப் போடறீங்க. உங்க ஊட்ல இது இருக்க வோணா." மாமா கட்டிலில் படுத்தபடியே தலையாட்டினார். பிறகு மெதுவாக, "சக்கரத்துல ஒண்ணு லூசா இருக்கும், பாத்து இறக்கு" என்றார்.

பத்து நாள் கழித்து மாமா முகச்சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். எங்கே என்று கேட்டேன். "அத ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்" என்றார். குமணன்சாவடியில் சிக்னலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்காவின் வீடு. வாசலில் சுவரே இல்லாத ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் கீழ் ரிப்பேருக்கு வந்த அடுப்புகளுக்கு நடுவில், பழைய புடவையால் போர்த்தப்பட்டு ஹீட்டர் நின்றது. லூசாக இருந்த சக்கரம் மாற்றப்பட்டிருந்தது. மாமா வாங்கிப் போன பிஸ்கட் பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் தடுமாறி, அக்காவிடம் கொடுத்தார்.

அந்த வருடம் மார்கழியில் ஒரு வாரம் தொடர்ந்து மழை. காட்டுப்பாக்கத்துக்கே குளிர் வந்தது. மாமா தினமும் மாலையில் ஸ்வெட்டரும் குடையுமாக ஷேர் ஆட்டோவில் குமணன்சாவடி போனார். ஒரு நாள் அவரை அழைத்துவரப் போனேன். நாலு பக்கமும் திறந்த கூரையின் கீழ் ஹீட்டர் சிவந்து எரிந்தது. மழை பெய்தது. ஈரத் துணியோடு சந்துப் பெண்கள் ஆறேழு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பள்ளிச் சீருடையைத் தகடுகளுக்கு எதிரே பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமா நடுவில் உட்கார்ந்து, பெருச்சாளி நுழையும் கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. நான் போய் நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. நானும் கூப்பிடாமல், காலியாக இருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு வேலை நிமித்தம் நாங்கள் முகப்பேருக்கு மாறிவிட்டோம். அக்காவைப் பார்ப்பது குறைந்துபோனது. கடைசியாக அவரைப் பார்த்தது பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில். புதிதாக வாங்கிய ஒரு பழைய மொபெட்டை ஸ்டாண்டு போட்டு, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார். மிதிக்கு ஒரு வசவு. அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது. அந்த மொபெட்டைச் செய்தவர்களின் மூன்று தலைமுறை அதில் அடங்கியிருந்தது. நான் பைக்கை நிறுத்திவிட்டு அதிர்ச்சியோடு பக்கத்தில் போனேன்.

"அக்கா, நீங்களா மிஷினத் திட்டறீங்க?"

"இது வேற சார். ஊரான் ஊட்டு மிஷினத்தான் திட்டக் கூடாது. இது என்னுதுதான" என்று இன்னொரு மிதி மிதித்தார்.

நான் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். டேங்கின் அடித்தகரம் பளபளவென்று தெரிந்தது. இரண்டு பஸ்கள் எங்களைக் கடந்து போயின.

"காலியாவப் போவுதுன்னு இது ஒரு வார்த்த சொல்லியிருக்கணுமா, இல்லியா?" என்றார்.

நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் பக்கம் பைக்கைத் திருப்பினேன்.